முக்காலிக்கு வந்த சுளுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்புப் பக்கம் வந்து பார்த்தால், தில்லியில் நேராக நடக்கிற தமிழனே கிடையாதோ என்று சந்தேகம் வந்துவிடும். நொண்டிக்கொண்டு வருகிறவர், காலை இழுத்துக்கொண்டு வருகிறவர், மனைவியின் தோளில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக வருகிறவர், சைக்கிள் கேரியரில் கால் தொங்க உட்கார்ந்து வருகிறவர் என்று எல்லோரும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். கால் நன்றாக இருந்த சிலரும் போனார்கள். வரப்போகிற சுளுக்கை முன்கூட்டியே எடுத்துவிடலாமாம்.

எல்லாம் சுளுக்குச் சித்தர் இராஜமாணிக்கத்தைப் பார்க்கத்தான்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியையே தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. பள்ளத்தில் கால் வைக்காமல் பால் வாங்கிவர முடியாது. பள்ளம் தோண்டியது அரசாங்கம். விழுந்தவர்களை எடுத்துக்கொண்டவர் சித்தர்.

சித்தர் தாயின் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவராம். அதனால் கால் சம்பந்தப்பட்ட எல்லாம் அவருக்கு அடக்கமாம். தலைக்கு வேலை வைக்கக் கூடாது என்று பிறக்கும்போதே தீர்மானித்தவர் போலிருக்கிறது. பக்தர்களுக்கும் அதே தீர்மானம். கொல்லிமலையில் பதினெட்டு வருஷம் தவம் செய்தார் என்றார்கள். "ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளக்கட்டு விற்றவர் மாதிரி இருக்கிறாரே" என்று யாரோ இழுத்தபோது, "சித்தர்கள் பல ரூபம் எடுப்பார்கள்" என்று பதில் வந்தது. அப்பளக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டும் எடுப்பார்கள் போலும்.

அவர் வீட்டுப் பின்முற்றத்தில் நடக்கும் வைத்தியம், வேடிக்கை பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர். சுளுக்கிய காலைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நீட்டி வைக்க வேண்டும். சித்தர் கண்ணை மூடி முணுமுணுப்பார். பித்தளைச் சொம்புக்குள் சீடர் எரிகிற காகிதத்தைப் போட்டதும், சட்டென்று அதைத் தாம்பாளத்தில் கவிழ்ப்பார். அவ்வளவுதான். களக் களக் என்று சத்தம். தாம்பாளத்துத் தண்ணீர் முழுவதையும் சொம்பு உறிஞ்சிக் குடித்துவிடும்!

"ஏறுது பாருங்க! சுளுக்கு ஏறுது! ஏறிடுச்சு!"

சித்தர் இப்படிக் கூவியதும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு நல்லெண்ணெய் போட்டு உருவி, காலைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு. நோயாளி அலறுவார். அலறினால் சுளுக்கு வெளியே போகிறது என்று அர்த்தம். அலறாவிட்டால் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

நிபந்தனை இரண்டுதான். ஒன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வர வேண்டும். இரண்டு, இடையில் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. அந்த வெளிச்சம் பட்டால் மந்திரம் முறிந்துவிடுமாம். எலும்பு முறிந்தால் பரவாயில்லை. மந்திரம் முறியக் கூடாது.

இந்த வைபவத்தில் எரிகிற காகிதத்தைச் சொம்புக்குள் போடுகிற பாக்கியம் ஒருவருக்குக் கிடைத்திருந்தது. அவர்தான் கஸ்தூரிரங்கன். மத்திய அரசில் அஸிஸ்டென்ட். பி.எஸ்ஸி. பௌதிகம், இரண்டாம் வகுப்பு. பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

அவர் சீடரான கதை சின்னது. ஒரு நாள் சாயங்காலம் நிற்காமல் போன டி.டி.சி. பஸ்ஸிலிருந்து குதித்தார். பாதம் உள்பக்கமாக மடங்கியது. கணுக்காலின் வெளிப்பக்கம் ஆப்பம் மாதிரி உப்பிவிட்டது. நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தார். அவர் மனைவி வைதேஹி பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி ஒற்றினாள். இரண்டு தலையணையை அடுக்கிக் காலை அதன் மேல் வைத்து, "இதை இறக்கினேள்னா பாருங்கோ!" என்று நாலு நாள் கட்டிலிலேயே இருத்தினாள். வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகுதான் யாரோ சொல்லிச் சித்தரிடம் போனார். மூன்று ஞாயிறு போனார். கால் சரியாகிவிட்டது. காலைத் தலையணையில் வைத்தவள் வைதேஹி. பேர் வாங்கியது சொம்பு.

"மூணு வாரத்துல அது தானாவே போயிருக்கும்னா" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு என்ன தெரியும்? என் கண்ணால பார்த்தேன், சொம்பு தண்ணியைக் குடிச்சுது!"

"கண்ணால பார்த்தேள், சரி. அப்புறம் கொஞ்சம் யோசிக்கவும் யோசிச்சேளா?"

கஸ்தூரிரங்கன் அடுத்த ஞாயிற்றுக்குக் காகிதம் கிழிக்கப் போய்விட்டார். சீடர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

இப்படி இருக்கையில், அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பவுனு ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் தர்மன் மேம்பால வேலையில் சித்தாள். ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கால் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. காலை ஊன்றவே முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி வந்து குடிசையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவலாமான்னு பாக்குறேன் சார்."

கஸ்தூரிரங்கன் பேப்பரை மடித்தார். "ஆஸ்பத்திரியா? போனா மாவுக்கட்டுப் போட்டு ரெண்டு மாசம் படுக்க வெச்சுடுவான். வேலை போயிடும். பேசாம ஞாயித்துக்கிழமை சித்தர்கிட்ட அழைச்சுண்டு வா. மூணே வாரம். தர்மன் ஓடுவான்."

உள்ளேயிருந்து வைதேஹி வந்தாள். "ஏன்னா, சாரத்துலேர்ந்து விழுந்திருக்கான். காலையே ஊன முடியலேங்கறா. ஒரு எக்ஸ்ரே..."

"அதான் எடுக்கப்படாதுங்கறேன்!"

பவுனு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவுக்குப் பட்டம் இல்லை. சாருக்குக் கண்ணாடி போட்ட பட்டம் இருந்தது. சார் சொன்னதையே கேட்டாள்.

முதல் ஞாயிறு. கஸ்தூரிரங்கன் காகிதத்தைக் கொளுத்திப் போட்டார். சொம்பு தண்ணீரைக் குடித்தது. சித்தர் தர்மனின் காலைப் பிடித்து இழுத்தார். தர்மன் போட்ட சத்தம், மார்க்கெட்டில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களையே திரும்பிப் பார்க்கவைத்தது.

"பெரிய சுளுக்கு. பிடிவாதமான சுளுக்கு" என்றார் சித்தர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

இரண்டாம் ஞாயிறு. சொம்பு அதே மாதிரி குடித்தது. தர்மன் இந்தத் தடவை கத்தவில்லை. வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு கஸ்தூரிரங்கனின் கையைப் பிடித்துக்கொண்டான். கால் கருநீலமாகிப் பாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பிடியின் தடம் வீட்டுக்கு வந்த பிறகும் கஸ்தூரிரங்கனின் கையில் சிவப்பாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பவுனு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேலை, முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட ரவிக்கை.

"இவங்க செங்கம்மா அக்கா. எங்க பக்கத்துக் குடிசை. பெரியாஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போடுற ரூமுல ஆயா வேலை. இத்தினி நாளு மவ பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாங்க. நேத்து ராத்திரிதான் வந்தாங்க. வந்ததுமே இவரு காலைப் பாத்துட்டு உங்களைப் பாக்கணும்னாங்க."

"உக்காரும்மா" என்றாள் வைதேஹி.

செங்கம்மாள் உட்காரவில்லை. "சார், நீங்களும் அந்தச் சாமிகிட்டதான் காலைக் காட்டினீங்களாம். எங்க வலிச்சுது உங்களுக்கு?"

கஸ்தூரிரங்கன் காலைத் தூக்கிக் காட்டினார். வெளிக் கணுவுக்குக் கீழே, கொஞ்சம் முன்னால், சதை மெத்தென்று இருக்கிற இடம்.

"எலும்பு மேல அழுத்தினா வலிச்சுதா? இந்தக் கணுக்கால் மொழிக்குப் பின்னால, ஓரத்துல?"

"இல்லே."

"பஸ்ஸுல இருந்து விழுந்தீங்களே, வூட்டுக்கு எப்படி வந்தீங்க?"

"நொண்டிண்டு... நடந்துதான்."

"அதான் சார் சுளுக்கு. உள்ள எலும்பைக் கட்டி வெச்சிருக்கிற நாரு இழுபட்டிருக்கும். வலிக்கும், வீங்கும், ஆனா நாலு எட்டு வெக்க முடியும். ஐஸு வெச்சு, கட்டுப் போட்டு, காலை ஒசத்தி வெச்சா அதுவா வடியும். தருமனுக்கு அப்படி இல்ல. அந்த மொழி எலும்புல வெரலு வெச்சாலே துடிக்கிறான். விழுந்த நாள்லேருந்து ஒரு எட்டு வெக்கல. நான் டாக்டரு இல்ல சார். ஆனா பதினொரு வருசமா தெனமும் அம்பது காலைப் பாக்கிறேன். இது எலும்பு. எண்ணெ போட்டு இழுக்கிற சமாச்சாரமே இல்ல."

கஸ்தூரிரங்கன் தம் கணுக்காலை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். ஆனால் சீடன் அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. "அதெப்படி? சுளுக்கு இல்லேன்னா சொம்பு எப்படிக் குடிக்கும்? ரெண்டு தடவையும் குடிச்சுதே!"

செங்கம்மாள் விடவில்லை. "காலே வெக்காம ஒரு தடவை கவுத்துப் பாத்தீங்களா சார்?"

இல்லை. பார்க்கவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமை, இத்தனை கால், இத்தனை காகிதம்! ஒரே ஒரு தடவைகூட அது தோன்றவில்லை.

வைதேஹி அதற்குள் தாம்பாளத்தையும் சொம்பையும் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்துத் தண்ணீரும் ஊற்றிவிட்டாள். பரண் மேல் சாமான் எடுக்க ஏறுகிற மர முக்காலி ஒன்று மூலையில் கிடந்தது. அதைத் தூக்கி வந்து, அதன் ஒரு கால் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வரும்படி போட்டாள். "கால் இல்லாம என்னத்துக்கு? இதுக்கு மூணு இருக்கு. பாருங்கோ."

கஸ்தூரிரங்கன் காகிதத்தைக் கொளுத்தினார். சொம்புக்குள் போட்டார். மந்திரம் சொல்லவில்லை, தெரியாது. கவிழ்த்தார்.

களக் களக். தாம்பாளம் காலி.

முக்காலிக்குச் சுளுக்கு! இன்னொரு காலை வைத்துப் பார்த்தார். அதற்கும் சுளுக்கு. மூன்றாவது காலுக்கும் சுளுக்கு. கடைசியில் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு ஃபைலைப் பக்கத்தில் வைத்தார். அதற்குக் கடுமையான சுளுக்கு.

"அந்த ஃபைலுக்கு இருக்கலாம்" என்றாள் வைதேஹி. "நாலு வருஷமா நகரலைன்னேளே."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். சூடான காற்று விரிந்து வெளியே போகும். நெருப்பு அணைந்ததும் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும். வெளிக்காற்று அழுத்தித் தண்ணீரை உள்ளே தள்ளும். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியவர் அவர். எட்டு மார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது.

பவுனு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். "நீங்க படிச்சவுங்கன்னுதான் சார் நம்பினோம்" என்று மட்டும் சொன்னாள்.

கஸ்தூரிரங்கன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஒரு ஆட்டோவைப் பிடித்தார். தர்மனைத் தாமே ஒரு பக்கம் தாங்கி ஏற்றினார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மோச் நஹீ ஹை. ஹட்டீ டூட்டீ ஹை!" சுளுக்கு இல்லை, எலும்பு முறிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள, தில்லிக்கு வந்து பதினாறு வருஷமான கஸ்தூரிரங்கனுக்கு அகராதி தேவைப்படவில்லை. அடுத்து டாக்டர் கேட்டதும் புரிந்தது: இந்தக் காலை இரண்டு வாரமாகப் பிடித்து இழுத்தது எந்தக் கழுதை?

காகிதம் கொளுத்திப் போட்ட கழுதை தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

எலும்பு கோணலாகக் கூட ஆரம்பித்திருந்தது. அறுத்துத் திறந்துதான் நேராக்க வேண்டும் என்றார்கள். "நடப்பானா டாக்டர் சாப்?" என்று கேட்டார். நடப்பான், ஆனால் அன்றைக்கே வந்திருந்தால் கத்தியே வேண்டியிருந்திருக்காது என்றார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தர்மன், "விடுங்க சார், நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னீங்க" என்றான். கஸ்தூரிரங்கனுக்கு அந்த டாக்டர் இன்னும் நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிறு. சித்தரின் பின்முற்றத்தில் வழக்கம்போல் கூட்டம். கஸ்தூரிரங்கன் வந்தார். தோளில் முக்காலி. பின்னால் வைதேஹி, செங்கம்மாள்.

"வாங்க சீடரே!" என்றார் சித்தர். "உக்காரவா அது?"

"இல்லே சுவாமி. இதுதான் இன்னிக்கு முதல் நோயாளி."

கூட்டம் சிரித்தது. சித்தரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அவர் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரிரங்கன் முக்காலியைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் போட்டு, காகிதத்தைக் கொளுத்திச் சொம்பைக் கவிழ்த்துவிட்டார்.

களக் களக்.

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு மாமி எட்டிப் பார்த்தாள். "ஏண்டிம்மா, மரத்துக்குமா சுளுக்கும்?"

சித்தர் பதினெட்டு வருஷத் தவத்தை ஒரே நொடியில் செலவழித்தார். "அது... சுளுக்கு உள்ளவங்க யாரோ அதுல உக்காந்திருப்பாங்க. சுளுக்கு அதுல இறங்கியிருக்கு!"

"ஆமாம், இருக்கும்" என்று நாலைந்து தலைகள் ஆடின. தலைகளை ஆட்டுவது சுலபம். ஆட்டினால் யோசிக்கிற மாதிரியும் இருக்கும்.

"சரி" என்றார் கஸ்தூரிரங்கன். "சுவாமி, உங்களுக்குச் சுளுக்கு உண்டோ?"

"எனக்கா! கால் முதல்ல பிறந்தவன் நான். ஜென்மத்துக்கும் என்னை அண்டாது."

"ரொம்ப சந்தோஷம். அப்போ உங்க காலை வைங்கோ. சொம்பு குடிக்கப்படாது. குடிச்சா, ஒண்ணு உங்களுக்குச் சுளுக்கு, இல்லே சொம்பு பொய் சொல்றது. ரெண்டுல ஒண்ணு."

சித்தர் காலை இழுத்துக்கொண்டார். "குருவையே சோதிக்கிறியா?"

"வைங்க சாமி!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "வெச்சுக் காட்டுங்க!" என்றது இன்னொன்று. கூட்டத்துக்கு வேடிக்கை முக்கியம். யாருடைய கால் என்பது முக்கியமில்லை. மாமியே முன்வந்து சித்தரின் காலைப் பிடித்துத் தாம்பாளத்தருகே வைத்தாள்.

சொம்பு கவிழ்ந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது.

"என்ன சுவாமி, சுளுக்கா, பொய்யா?"

"தருமன் ஆஸ்பத்திரியில கெடக்கிறான்" என்றாள் செங்கம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை; ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "ஒடஞ்ச எலும்பை ரெண்டு வாரம் உருவி இழுத்திருக்காரு இவரு. எலும்புக்கும் இதே சொம்பு, நாருக்கும் இதே சொம்பு, மரத்துக்கும் இதே சொம்பு."

இப்போது கூட்டம் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. அந்தப் பார்வை சித்தருக்குப் பிடிக்கவில்லை. உண்டியலாக வைத்திருந்த மஞ்சள் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். நாலெட்டு வேகமாக வைத்தார். சிந்திக் கிடந்த நல்லெண்ணெயில் ஐந்தாவது எட்டு விழுந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கி, பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயோ! அம்மா! என் காலு!"

பிறகு கூட்டத்தில் ஒருவர், பணிவாக, சொம்பை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அட, அதைத் தூக்கி எறிய்யா!" என்று அலறினார் சித்தர். "அம்மா, ஆஸ்பத்திரி அம்மா! எலும்பு உடைஞ்சிருக்குமா பாருங்க! எக்ஸ்ரே எடுத்துடலாமா?"

பின்முற்றமே வெடித்துச் சிரித்தது. செங்கம்மாள் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் குந்தினாள். கணுவின் இரண்டு பக்க எலும்பையும் விரலால் அழுத்திப் பார்த்தாள். "இங்க வலிக்குதா? இங்க? இல்லையா? எழுந்து நாலு எட்டு வெய்யுங்க." சித்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தார். "சுளுக்குதான். பயப்படாதீங்க. ரெண்டு நாளைக்கு எண்ணெ கூடாது, உருவுறது கூடாது, சுடுதண்ணி கூடாது. ஐஸைத் துணியில சுத்தி ஒத்துங்க, அப்பப்ப, கொஞ்ச நேரம். வெறும் தோலுல வெக்காதீங்க. வெரலு பக்கத்துலேருந்து மேலாப்ல கட்டுப் போடணும், ரொம்ப இறுக்காம. தலைகாணி மேல காலை ஒசத்தி வெச்சுப் படுங்க. வலி கொறஞ்சதும் மெள்ள நடங்க. வீக்கம் வடியலேன்னா, ஊன முடியலேன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மந்திரம் ஒண்ணும் வேண்டாமா?" என்றாள் மாமி.

"படுத்துக் கெடக்கிறப்ப பொழுது போகலேன்னா சொல்லட்டும்."

சித்தர் ஆட்டோவில் ஏறிப் போனார். மறுவாரம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. தர்மனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஸ்தூரிரங்கன் தினமும் ஆபீஸ் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் வாரம் பவுனு அவரிடம் பேசவில்லை. இரண்டாம் வாரம், "காப்பி ஆறிடும் சார், குடிங்க" என்றாள். மூன்று மாதம் கழித்துத் தர்மன் கோலூன்றி நடந்தான். லேசாகச் சாய்ந்துதான் நடந்தான். அந்தச் சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் கஸ்தூரிரங்கன் போய் அவன் தோளைத் தாங்கிக்கொள்வார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் தேவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், அதே மாமி. கையில் தேங்காய், பழம், குங்குமம். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"ஒண்ணுமில்லே" என்றாள் மாமி, குரலைத் தாழ்த்தி. "அந்தச் சித்தர் போனா போறான், அவன் போலி. ஆனா உங்காத்து முக்காலி இருக்கு பாருங்கோ, அதுதான் அவன் குட்டையே உடைச்சுது. அதுல ஏதோ சக்தி இருக்கு. ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிடறோம்."

கஸ்தூரிரங்கன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மாமி, அதுக்கு மூணு கால் இருக்கு, தலை கிடையாது. அது யோசிக்காம நின்னா யாரும் தப்பு சொல்ல முடியாது. நமக்கு என்ன கேடு?"